ஜட்ஜ் அந்த மட்டையைத் தொடவே இல்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அமெரிக்க பேஸ்பால் சீசனின் முதல் வாரத்தைப் பற்றி ஏப்ரல் இதழில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஐபிஎல் நேரத்தில் இவ்வளவு பெரிய மனது எப்படி வந்தது என்று மகிழ்ந்துதான் படிக்க உட்கார்ந்தேன். "ஏமாற்று மட்டையின் புண்ணியத்தில் ஆரோன் ஜட்ஜ் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம்ரன்" என்று நடுப்பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். (ஹோம்ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது.) காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஜட்ஜ் அடித்தது தன் பழைய மட்டையில். மார்ச் 29 அன்று அவருடைய நியூயார்க் யாங்கீஸ் அணி மில்வாக்கி அணியை 20-9 என்று துவைத்து எடுத்தது. மொத்தம் 9 ஹோம்ரன், அந்த அணியின் சரித்திரத்திலேயே இதுதான் அதிகம். மில்வாக்கியின் நெஸ்டர் கோர்டெஸ் போட்ட முதல் மூன்று பந்துமே வேலிக்கு அப்பால் போய் விழுந்தன. (போன வருடம் வரை இதே யாங்கீஸுக்குப் பந்து போட்டவர், பாவம்.) நீங்கள் ஏமாற்று என்று சொன்ன அந்தப் புது டார்பிடோ மட்டையைப் பிடித்தவர்கள் யாங்கீஸின் கோல்ட்ஷ்மிட், பெலிஞ்சர், வோல்பி, சிஷம் போன்றவர்கள். ஜட்ஜ் வேண்டாம் என்று விட்டுவிட்டார். 2022-இல் 62 ஹோம்ரன் அடித்தவருக்குப் புது மட்டை எதற்கு?

அப்புறம் அந்த "ஏமாற்று". கர்லாக்கட்டை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நுனியில் இருக்கும் மரத்தைக் கொஞ்சம் குறைத்து, ஆட்டக்காரருக்குப் பந்து எங்கே அதிகம் படுகிறதோ அங்கே தடிமனைக் கொண்டுவருகிறார்கள். அவ்வளவுதான். ஒரே மரத்துண்டாக இருக்க வேண்டும், தடித்த இடம் 2.61 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் 42 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்குள் இருப்பதை ஏமாற்று என்று எழுத உங்கள் நிருபருக்கு எந்த நடுவர் சொன்னாரோ! இதை யோசித்துச் செய்த ஆரோன் லீன்ஹார்ட் எம்ஐடியில் இயற்பியல் முனைவர் பட்டம் வாங்கியவர். நம்மூர்ப் பிள்ளை ஒருவர் செய்திருந்தால் அட்டைப்படமே போட்டிருப்பீர்கள்.

உங்களுக்கு இது புதிதல்ல. இரண்டு வருடம் முன்பு பந்து எறியும் பிட்சருக்கு நேரக்கெடு வைத்தபோது "அவசர யுகத்துக்கு இன்னொரு பலி" என்று எழுதினீர்கள். 2022-இல் சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஓடிய ஆட்டம் அடுத்த வருடமே 2 மணி 40 நிமிடத்துக்கு வந்தது. ஏப்ரல் குளிரில், கம்பளித் தொப்பியோடு, தூங்கிவிட்ட பையனை மடியில் போட்டுக்கொண்டு பதினொன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தவன் நான். அந்த 24 நிமிடத்தின் அருமை எனக்குத் தெரியும். கடிதம் எழுதினேன், இதழில் வரவில்லை. பேஸ்பாலின் இறுதித் தொடரை "ஒரே நாடு ஆடும் உலகத் தொடர்" என்று கிண்டலடித்தபோதும் எழுதினேன். 1992, 1993 இரண்டு வருடமும் கோப்பையைக் கொண்டுபோனது கனடாவின் டொரோன்டோ என்பது தாங்கள் அறியாததா? இந்த சீசனே மார்ச் 18 அன்று டோக்கியோவில்தான் தொடங்கியது, அதுவும் யமமோட்டோ, இமனாகா என்று இரு பக்கமும் ஜப்பானிய பிட்சர்களோடு. ஒரு முறை பெண்கள் ஆடும் சாஃப்ட்பால் படத்தைப் போட்டு பேஸ்பால் என்று எழுதியிருந்தீர்கள். சரி, அதை விடுங்கள்.

என் கோபம் முதல் வாரத்தை வைத்து ஜோசியம் சொல்வதன் மேல்தான். ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டம். 1998-இல் யாங்கீஸ் முதல் ஐந்தில் நான்கைத் தோற்றது. கடைசியில் 114 வென்று கோப்பையையும் தூக்கியது. இந்த வருடம் அட்லாண்டா முதல் ஏழையும் தோற்றிருக்கிறது. தேறுமா என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லிக் கெட்டவன் நான்.

1994 ஏப்ரல். ஜெர்சி சிட்டியில் நாலு பேர் ஒரே அறையில் இருந்தோம், இந்த ஊருக்கு வந்து நாலே மாதம். சிகாகோ கப்ஸின் டஃபி ரோட்ஸ் சீசனின் முதல் நாளே டுவைட் குடன் பந்தில் மூன்று ஹோம்ரன் அடித்ததை மாலைச் செய்தியில் காட்டினார்கள். கப்ஸ் 12-8 என்று தோற்றது தனிக் கதை. இவர் 40 தாண்டாவிட்டால் ஒரு மாதம் நானே பாத்திரம் தேய்க்கிறேன் என்று பந்தயம் கட்டினேன். ஆகஸ்டில் வேலைநிறுத்தம் வந்து சீசன் நின்றபோது அவர் கணக்கில் இருந்தது 8. வேலைநிறுத்தத்தைச் சாக்கு சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பிறகு அவர் ஜப்பான் போய் 464 அடித்தார். ஆனால் பாத்திரத்தை நான் தேய்த்தாகிவிட்டது.

அடுத்த இதழில் ஒரு வரி போட்டால் போதும்: "ஜட்ஜ் டார்பிடோ மட்டையில் ஆடவில்லை." வருத்தம் எல்லாம் தெரிவிக்க வேண்டாம். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தை விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
19 வருடச் சந்தாதாரர் (ஜூனில் முடிகிறது),
எடிசன், நியூஜெர்சி