யாழினிக்கு, திபெத்திய வைத்தியம் பற்றி

அன்புள்ள யாழினி,

தூக்கம் வராமல் தர்மசாலாவில் திபெத்திய வைத்தியரைப் பார்த்ததாகவும், உடம்பில் "லுங்" கூடியிருக்கிறது என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். அவர் சொல்வதைத் தாராளமாகக் கேட்டுக்கொள் என்பதுதான் என் எண்ணம், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையோடு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லுங் என்பது ஏறக்குறைய நாம் சொல்லும் வாதம். அவர்கள் சொல்லும் திரிபா நம் பித்தம், பேகன் நம் கபம். வாக்படர் எழுதிய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் 11-ஆம் நூற்றாண்டிலேயே திபெத்திய மொழிக்குப் போய்விட்டது. அதோடு சீனர்களின் நாடி அறிவும், மலைநாட்டு மக்களின் சொந்தப் பச்சிலை அனுபவமும் கலந்தன. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதோக் யோந்தன் கோன்போ என்ற வைத்தியர்தான் இன்றைக்கும் மாணவர்கள் படிக்கிற 'கியூ ஷி' என்ற அடிப்படை மருத்துவ நூலுக்கு உருவம் கொடுத்தவர் என்கிறார்கள். 156 அத்தியாயங்கள்.

அதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது நோய்க்குச் சொல்லும் காரணம். ஆசை லுங்கைக் கிளப்பும், கோபம் திரிபாவை, அறியாமை பேகனை. பௌத்தம் மருந்துப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நீ ராத்திரி ஷிப்ட் பார்த்து, வெறும் வயிற்றில் டீயாகக் குடித்து, வேலை போய்விடுமோ என்று கவலைப்படுகிறாயே, லுங் அதிகமாவதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன.

அதனால்தான் அந்த வைத்தியத்தில் சாப்பாடு முதலில் வரும், பழக்கவழக்கம் அடுத்து, மருந்து மூன்றாவது. ஒத்தடம், சூடு வைப்பது போன்றவை அதற்கும் பிறகு. சூடாகவும் சத்தாகவும் சாப்பிடச் சொல்வார்கள், எண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள். நல்லெண்ணெய் அனுப்பி வைக்கிறேன், சோம்பல் படாமல் தேய்த்துக்கொள். அவர்கள் மருந்துகளின் ராஜா என்று கொண்டாடும் அரூரா வேறொன்றும் இல்லை, நம் கடுக்காய்தான். நோய் தீர்ப்பவராக அவர்கள் வணங்கும் மருத்துவ புத்தரின் கையில் இருப்பதும் அதுவே.

அடுத்த முறை போகும்போது காலையில் முதலில் போகும் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போ. முந்தின நாள் டீ, மோர் வேண்டாம், நிறம் மாறிவிடும். வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் குச்சியால் கலக்குவார்கள். எழும் ஆவி, நுரைக்குமிழியின் அளவு, அது எவ்வளவு நேரம் நிற்கிறது, வாடை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நாடிக்கு மூன்று விரல், ஒவ்வொன்றுக்கும் வேறு அழுத்தம். இதயத்தின் நாடியை ஆணுக்கு இடக்கையில் பார்த்தால் பெண்ணுக்கு வலக்கையில் பார்ப்பார்கள். அவசரப்படாமல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்.

இந்த அறிவு பிழைத்ததே பெரிய விஷயம். திபெத்தின் தலைநகர் லாசாவில் 1696-இல் தொடங்கிய சக்போரி மருத்துவக் கல்லூரி 1959-இல் தரைமட்டமானது. அகதிகளாக வந்தவர்கள் 1961-இல் தர்மசாலாவில் லாசாவில் இருந்த மென்-ட்சீ-காங் என்ற மருத்துவ நிறுவனத்தை மறுபடி தொடங்கினார்கள். வீடு வாசல் இழந்து வந்தவர்கள் முதலில் கட்டியவற்றுள் ஒரு மருத்துவமனையும் உண்டு என்பதை நினைத்தால் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடுகிறது. இந்திய அரசும் 2010-இல் சோவா ரிக்பா என்ற பெயரில் இந்த வைத்தியத்தை அங்கீகரித்தது.

சரி, எச்சரிக்கைக்கு வருகிறேன். பட்டுத்துணியில் சுற்றி 'ரத்தின மாத்திரை' என்று தருவார்கள். அவற்றில் சிலவற்றில் பதப்படுத்திய பாதரசம் சேர்கிறது. முறைப்படி சுத்தம் செய்தது என்பார்கள், ஆனாலும் உன் தூக்கமின்மைக்கு அது வேண்டாம். ஆன்லைனில் யாரிடமும் வாங்கவே வாங்காதே. மூலிகை உருண்டை கொடுத்தால் பொடித்து வெந்நீரில் சாப்பிடு. நீ சாப்பிடும் தைராய்டு மாத்திரையை நிறுத்தாதே. அதை அந்த வைத்தியரிடமும், அவர் கொடுப்பதை உன் டாக்டரிடமும் சொல்லிவிடு. ரத்தப் பரிசோதனை வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா