எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் வேண்டும்: மாநகராட்சித் தேர்தல் கோரி மனு

அனுப்புநர்: குடிசைப் பகுதி மக்கள், ஸ்ரீராமபுரம், பெங்களூரு.
பெறுநர்: மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்கள், கர்நாடகம்.
நாள்: 24.11.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் கடைசியாக மாநகராட்சிக்கு ஓட்டுப் போட்டது 2015 ஆகஸ்டில். அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10-ஆம் தேதி முடிந்தது. அப்புறம் இன்றுவரை கவுன்சிலர் கிடையாது. இந்த செப்டம்பரில் ஒரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தும், தேர்தல் மட்டும் வரவில்லை. எங்கள் தெருவில் இருபத்தேழு வயதுப் பிள்ளைகள்கூட மாநகராட்சிக்கு ஒருமுறையும் ஓட்டுப் போட்டதில்லை.

கவுன்சிலர் இருந்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் மோரி அடைத்துக்கொண்டால் காலை ஆறு மணிக்கு நாலு பெண்கள் அவர் வீட்டு வாசலில் போய் நிற்போம். வாயில் பிரஷ்ஷோடு வெளியே வருவார், அங்கேயே இன்ஜினியருக்குப் போன் போடுவார். ஓட்டுக் கேட்டு மறுபடியும் இதே சந்துக்குள் வரவேண்டுமே என்ற பயம் அவருக்கு இருந்தது. இப்போது புகார் எண்தான். போன மழையில் மோரித் தண்ணீர் கடைசி மூன்று வீடுகளுக்குள் புகுந்து, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி முழுக்க நனைந்துபோனது. மறுநாள் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. ஆள் யாரும் வரவில்லை. யாரைப் போய்க் கேட்பது?

அபார்ட்மென்ட்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, போர்வெல் இருக்கிறது, டேங்கருக்குப் பணம் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான். எங்களில் பலர் விடியுமுன் தெருப் பெருக்கப் போகும் பௌரகார்மிகப் பெண்கள். நகர மன்றங்களில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கியது அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம். கர்நாடகத்தில் பெண்களுக்குப் பாதி இடம். எங்களில் ஒருத்தி மன்றத்தில் உட்கார்ந்து பேசலாம் என்பது அதன் பொருள். தேர்தலே நடக்காதபோது அவள் எங்கே போய் உட்காருவாள்? ஐந்து ஆண்டு முடியுமுன் தேர்தல் நடத்தவேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் உள்ளதுதான். உச்ச நீதிமன்றமும் 2006-இல் அதை வலியுறுத்தியிருக்கிறது.

ஆகவே ஐந்து மாநகராட்சிகளுக்கும் தேர்தல் தேதியை உடனே அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இன்னொன்று: வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வருபவர்கள் எங்கள் பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமையிலோ மாலை ஆறுக்கு மேலோ வரட்டும். இங்கே பாதிப் பேர் வாடகை வீட்டில் இருப்பவர்கள், பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோம். கதவு பூட்டியிருந்தது என்பதற்காக ஒருவர் பெயரையும் நீக்கிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரம் குடிசைப் பகுதி மக்கள்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், மனுவின் கன்னடப் பிரதி.