மயில்கழுத்து நிறத்தில் ஒரு பூசணி

அன்பு மகள் செல்விக்கு, அப்பா எழுதுவது.

பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் இந்த ஹாலோவீனுக்கு, உணவு ஒவ்வாமை உள்ள கவினை வெளியே அனுப்பப் போவதில்லை, வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்துவிடுவோம் என்று நேற்று போனில் சொன்னாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் என் குரல் உயர்ந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரில் நியூஜெர்சியில் உன் எடிசன் வீட்டுக்கு வந்தபோது இரண்டு கிலோ கடலைமிட்டாய் கொண்டுவந்தேன். பொட்டலத்தைப் பிரிக்கவிடாமல் அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டாய். கோவில்பட்டிக்காரன் பேரனுக்குக் கடலை ஆகாதா என்று இரண்டு நாள் உன்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று வேறு சொன்னேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஹாலோவீன் அன்று அவனுக்குக் கட்டபொம்மன் வேடம் போட்டு மீசை வரைந்துவிட்டேன். தெருவே அவனைக் கடற்கொள்ளைக்காரன் என்றது. கயத்தாறு எங்கே, நியூஜெர்சி எங்கே! வீடு திரும்பியதும் நீ பையைத் தரையில் கொட்டி ஒவ்வொரு மிட்டாய் உறையையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாய். முப்பத்தொன்றில் மிஞ்சியது ஐந்து. பிள்ளை அழவில்லை. ஆகாதவற்றை அவனே பொறுக்கி உன் பக்கம் தள்ளினான். ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை எதற்கு என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் தெருக்கோடி வீட்டை மறந்துவிட்டாயா? வாசலில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பூசணி இருந்தது. நம் ஊர் திருஷ்டிப் பூசணிக்கு அக்கா முறை போலிருக்கிறது என்று நினைத்தேன். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் கொடுக்க இங்கே ஏதோ இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்று நீதான் சொன்னாய். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களின் அமைப்பு ஒன்று 2012-இல் தொடங்கியதாம். 2014-இல் உணவு ஒவ்வாமைக்காக இயங்கும் ஃபேர் என்ற அமைப்பு அதை நாடு முழுக்கக் கொண்டுபோனதாம். அந்த வீட்டம்மாள் அவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கிண்ணத்தை நீட்டினார். அவன் ஒளிரும் குச்சி ஒன்றை எடுத்தான். அன்றிரவு அதைப் பிடித்துக்கொண்டேதான் தூங்கினான்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கடலை, பால், முட்டை, 2023 முதல் எள் என்று ஒன்பது பொருள்கள் சேர்ந்திருந்தால் உறையில் எழுதியே ஆகவேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் 'கலந்திருக்கலாம்' என்ற எச்சரிக்கை கம்பெனியின் விருப்பம். அது ஏன் முக்கியம் என்று எனக்குப் புரிந்தது இங்கே நம் தெரு மிட்டாய்க் கடையில். கடலைமிட்டாய் வெட்டுகிற அதே மேடையில்தான் பொரி உருண்டையும் பிடிக்கிறார்கள். பொரியில் கடலை இல்லை என்று சொல்லி நான் அதைத்தான் அடுத்த முறை கொண்டுவர இருந்தேன்!

அதனால் விளக்கை அணைக்காதே, அம்மா. உன் வாசலிலும் அந்த நிறத்தில் ஒரு பூசணியை வை. ஸ்டிக்கர், பென்சில், சோப்புக்குமிழி எல்லாம் ஒரு கிண்ணத்தில், மிட்டாய் வேறு கிண்ணத்தில். மிட்டாய் வந்த பெரிய பையைத் தூக்கிப் போட்டுவிடாதே. சின்ன உறையில் பல நேரம் விவரம் இருக்காது, உன்னைப் போல ஒருத்தி வந்து கேட்டால் காட்டலாம். விளையாட்டுக் களிமண் வாங்காதே, சிலவற்றில் கோதுமை இருக்கிறதாம். யாருக்கு ஒவ்வாமை என்று எந்தப் பிள்ளையையும் விசாரிக்காதே. எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

பழகிய நாலு வீட்டுக்கு முன்னதாகவே போய், கவினுக்கென்று ஒரு சின்னப் பொம்மையைக் கொடுத்து வை. கூச்சமாக இருக்கும், இருந்தாலும் போ. வழியில் எதையும் வாயில் போடுவதில்லை என்பது அவனுக்கே தெரியும். ஒவ்வாமை முற்றினால் தொடையில் போடும் அவசர ஊசி இரண்டும் மாப்பிள்ளையின் பையில் இருக்கட்டும், காரில் வேண்டாம். நீ கொடுத்த பயிற்சி ஊசியை என் தொடையில் குத்திக் குத்திப் பழகிவிட்டேன். அம்மா சிரிக்கிறாள்.

உன் கிண்ணத்துக்குப் பம்பரம் அனுப்ப நினைத்தேன். ஆணி இருக்கிறதே என்று அம்மா தடுத்துவிட்டாள். பனையோலைக் கிலுகிலுப்பை ஐம்பது வாங்கி வைத்திருக்கிறோம். அனுப்பலாமா என்று கேட்டுச் சொல். இந்த முறை என்ன வேடம் என்று கவினையும் கேள். மீசை உண்டென்றால் வீடியோவில் கூப்பிடு, மாப்பிள்ளைக்கு வரையத் தெரியாது.

அன்புடன்,
அப்பா