பழைய வாட்ச் விற்பவர்களுக்கும் ஏலம் விடுபவர்களுக்கும்: பூச்சு புதிதென்றால் சொல்லிவிடுங்கள்

வணக்கம்.

டயலிலும் முள்ளிலும் இருட்டில் ஒளிரும் பூச்சைப் புதிதாக வைத்திருந்தால், அதை விற்பனைக் குறிப்பிலேயே எழுதுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

'டயல் ஒரிஜினல், அறுபதுகளில் வந்தது' என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒரு வாட்ச் வாங்கினேன். ஆறு மணிக்குக் கீழே 'டி ஸ்விஸ் டி' என்று பொடி எழுத்து. தன் கதிரியக்கத்தால் பூச்சை ஒளிர வைக்கும் டிரிட்டியம் பூசிய டயல் என்று அர்த்தம். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12.3 ஆண்டு, அறுபதுகளில் பூசியதில் இன்று இருபதில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. டார்ச் அடித்தால் கொஞ்சம் மினுங்கும், சீக்கிரமே அணைந்துவிடும். என் வாட்ச்சோ விளக்கை அணைத்ததும் பச்சையாக எரிந்தது. நள்ளிரவு தாண்டியும் மணி தெரிந்தது. அது 1990-களில் வந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூச்சின் குணம். பூச்சின் பழுப்பேறிய வெண்ணெய் நிறம்கூட, பழசு போலத் தெரிய சாயம் கலந்து வரவழைத்ததுதான்.

அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு மணிப் புள்ளியின் பூச்சு விளிம்பு தாண்டி, பக்கத்து நிமிடக் கோட்டின் மேல் ஏறியிருந்தது. ஒரு முறை பார்த்த பிறகு கண் அதை விட்டு வேறெங்கும் போகவில்லை.

முள்ளின் நிறமும் டயலின் நிறமும் சற்று வேறுபட்டாலே 'மறுபூச்சு' என்று நான் சண்டைக்கு வரமாட்டேன். இரண்டிலும் பூச்சைக் குழைத்த பசை வேறாக இருந்திருக்கலாம். அப்போது பழுப்பதும் வேறு மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு கதிரியக்கப் பொருளான ரேடியம் பூசிய டயல் என்றால் விஷயம் இன்னும் பெரிது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. பூச்சைச் சுரண்டி எடுத்தாலும் துகள் தங்கும், கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவி கிர்ரென்று சத்தம் போடும். ஆகவே கருவி சத்தம் போடுவதை மட்டும் காட்டி 'ஒரிஜினல்' என்று விற்காதீர்கள். அடுத்து அந்த வாட்ச்சைத் திறக்கும் பழுதுபார்ப்பவர் அந்தத் தூளை மூச்சில் இழுக்க நேரிடும். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியே ரேடியம் பூசிய பெண்கள் 1920-களில் தாடை அழுகிச் செத்தார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அது தெரியாததல்ல.

மறுபூச்சு குற்றம் இல்லை. உதிர்ந்துகொண்டிருக்கும் முள்ளுக்கு வேறு வழியும் கிடையாது. சரி, பூசுங்கள். கூடவே புற ஊதா விளக்கின் கீழ் ஒரு படம், விளக்கை அணைத்து ஒரு நிமிடம் கழித்து இன்னொரு படம் போடுங்கள். யார், எப்போது பூசினார்கள் என்று தெரிந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.