விஸ்கான்சினிலிருந்து அப்பாவுக்கு

மேடிசன், அமெரிக்கா,
பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக அண்ணன் சொன்னான். டாக்டர் சொல்லும்வரை தலைக்குக் குளிக்காதீர்கள், அம்மா பேச்சைக் கேளுங்கள். இந்தக் கடிதத்தை அண்ணனே வாசித்துக் காட்டட்டும். அவன் பெயர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

முதலில் குளிரைச் சொல்லிவிடுகிறேன். மெண்டோட்டா ஏரி முழுக்க உறைந்து கிடக்கிறது. அதன்மேல் கூடாரம் போட்டு, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள். போன வருஷம் கரையிலேயே நின்றுவிட்டேன். இந்த வருஷம் உங்கள் பேத்தி கையைப் பிடித்து இழுக்க, நானும் நடந்தேன். காவிரியில் ஆடி வெள்ளம் பார்த்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் இப்படி அசையாமல் கிடப்பது இன்னும் பழகவில்லை.

போன மாதம் வேலை விஷயமாக ரிச்லாண்ட் சென்டர் என்ற சின்ன ஊருக்குப் போனேன். 14-ஆம் நெடுஞ்சாலையில் மாட்டுப் பண்ணைகளையும் வெறும் சோளக் காடுகளையும் தாண்டிப் போகவேண்டும். அங்கேதான் 2011 நவம்பர் 22-ஆம் தேதி, லானா பீட்டர்ஸ் என்ற பெயரில், 85 வயதில் சோவியத் தலைவர் ஸ்டாலினின் மகள் இறந்துபோனார். ஸ்வெத்லானா, அப்பா, ஸ்வெத்லானா!

நம் வீட்டுக் கூடத்தில் அவர் அப்பாவின் படம் தொங்குகிறது, அண்ணனுக்கும் அந்தப் பெயர்தான். 'சோவியத் நாடு' தாளில் அட்டை போட்ட நோட்டுகளோடுதான் நான் பொன்மலைப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆனால் அந்த முகத்துக்கு ஒரு மகள் இருந்ததை நீங்கள் சொன்னதில்லை. ஒருமுறை கேட்டபோது, "ஓடிப்போனவ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

திரும்பி வந்ததும் நூலகத்தில் அவர் நினைவுகளைத் தேடி எடுத்தேன். 'ஒரு நண்பருக்கு இருபது கடிதங்கள்' என்று பெயர். 1963 கோடையில் மாஸ்கோ பக்கத்துக் கிராமத்தில் 35 நாளில் எழுதியிருக்கிறார். அப்பா அவரைச் சிட்டுக்குருவி என்பாராம், வீட்டுக்கு எஜமானி என்பாராம். சின்னப் பெண், "என்னை நாடகத்துக்குக் கூட்டிப்போக உத்தரவிடுகிறேன்" என்று சீட்டு எழுதி வைப்பாள். நாடே நடுங்கும் மனிதர், "கீழ்ப்படிகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுத் தருவார். இதை வாசித்தபோது, ஷிப்டு முடிந்து வந்த உங்கள் டிபன் கேரியரில் நான் சீட்டு வைத்தது ஞாபகம் வந்தது.

ஸ்வெத்லானாவின் ஆறு வயதில் அவர் அம்மா போய்விட்டாள். தற்கொலை என்பதைப் பத்து வருஷம் கழித்து ஓர் ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டும்போதுதான் தெரிந்துகொள்கிறார். பதினாறு வயதில் ஒரு சினிமாக்காரரை விரும்பினார். அந்த மனிதர் வடக்கே வர்க்குத்தா கைதி முகாமுக்குப் போனார், மகளுக்கு அறை விழுந்தது. இலக்கியம் படிக்கிறேன் என்றதற்கு, கூடாது, சரித்திரம் படி என்று உத்தரவு. 1948-ல் பெரியம்மா ஆனாவைக் கைது செய்தார்கள். ஏன் என்று அப்பாவையே நேரில் கேட்டிருக்கிறார். அவர்களுக்கு நிறையத் தெரியும், நிறையப் பேசினார்கள் என்று பதில். அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கவே எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! இந்தப் புத்தகத்தில் பழியைப் பெரும்பாலும் ரகசியப் போலீஸ் தலைவர் லாவ்ரெந்தி பெரியா தலையில் போடுகிறார். எனக்கு அது குறையாகத்தான் படுகிறது. பிற்பாடு தன் அப்பாவின் பொறுப்பையும் ஒப்புக்கொண்டார்.

நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது, இந்தப் புத்தகத்தை எழுதியபின் அவர் வாழ்க்கையில் நடந்தது. 1963-ல் மாஸ்கோ ஆஸ்பத்திரியில் பிரஜேஷ் சிங்கைச் சந்திக்கிறார். உத்தரப் பிரதேசத்தில் காலாகாங்கர் ராஜ குடும்பத்தவர், ஆனால் கம்யூனிஸ்ட், உங்கள் தோழர்தான். கல்யாணத்தைப் பதிவு செய்ய மேலிடம் அனுமதிக்கவில்லை. 1966-ல் அவர் இறந்ததும், அஸ்தியோடு கங்கைக்கரைக்கு வந்தார் ஸ்வெத்லானா. அங்கேயே இருந்துவிட ஆசைப்பட்டார், நடக்கவில்லை. 1967 மார்ச் 6 சாயங்காலம் டில்லி அமெரிக்கத் தூதரகத்துக்குள் நடந்து போய்விட்டார். புத்தகப் பணத்தில் காலாகாங்கரில் ஓர் ஆஸ்பத்திரி கட்ட உதவினார். ஓடிப்போனவள் செய்கிற காரியமா அது?

மாஸ்கோவில் விட்டுவந்த மகனையும் மகளையும் நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. மகளுக்குப் பதினாறு வயது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை, எழுந்து போய் உங்கள் பேத்தியைப் போர்த்திவிட்டு வந்தேன்.

பிறகு இங்கே ஒரு கட்டடக் கலைஞரோடு கல்யாணம், ஒரு மகள், பிரிவு. 1984-ல் சோவியத் திரும்பினார், இரண்டே வருஷத்தில் மறுபடி கிளம்பினார். எங்கே போனாலும் அப்பாவின் பெயருக்குத் தான் அரசியல் கைதி என்று கடைசிக் காலத்தில் எங்கள் ஊர்ப் பத்திரிகையிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊரில் இருந்துகொண்டு சொன்ன வார்த்தை என்பதாலோ என்னவோ, மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அப்பா, தமிழ் எம்.ஏ. படிக்கிறேன் என்றபோது "கதை சோறு போடுமா?" என்று என்னை இன்ஜினியரிங்கில் சேர்த்தீர்கள். அந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. அமெரிக்கா என்றதும் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் கிளம்பிய அன்று விடிகாலை நாலு மணிக்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, ஏர்போர்ட் வாசல்வரை தூக்கி வந்தது நீங்கள்தான். போகிறேன் என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர முடிந்தது எனக்கு. ஸ்வெத்லானாவுக்கு அது கிடைக்கவேயில்லை.

கூடத்துப் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. இந்தப் பெண் சொல்வதையும் ஒருதடவை கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். உங்களுக்கு இப்போது வாசிக்க முடியாது, அதனால் ஞாயிறுதோறும் போனில் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு கடிதத்தை நானே தமிழில் சொல்கிறேன். உங்களுக்கு ராத்திரி எட்டு, எனக்குக் காலை எட்டரை. அண்ணனும் பக்கத்தில் உட்காரட்டும். முதல் கடிதம் 1953 மார்ச்சில் அவர் அப்பாவின் கடைசி நாள்களைப் பற்றியது.

அம்மாவிடம் வெங்காய வடகம் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்