ஏதாவது ஒரு பச்சை இலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு சமையல் பக்கத்தில் புதினா தேசிக்காய்ப் பானம் செய்யும் முறை வந்திருந்தது. அதன் கடைசி வரி: "புதினா கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு பச்சை இலையை வைத்து அலங்கரித்துப் பரிமாறலாம்." ஏதாவது ஒரு பச்சை இலை! எழுதியவர் தயவுசெய்து ஒருமுறை நுவரெலியாப் பக்கம் வந்து அந்த இலையைப் பறித்துக் காட்டட்டும்.

இங்கே பங்களா வேலியோரம் முதலில் கைக்கு எட்டுவது ஹைட்ரேஞ்சியாப் பூச்செடி. அகலமான இலை, விளிம்பெல்லாம் அழகான பல். படத்துக்கு எடுப்பாகத்தான் இருக்கும். 2008 இல் யப்பானில் உணவகத்துத் தட்டில் அலங்காரத்துக்கு வைத்திருந்த இதே இலையைத் தின்றவர்கள் வாந்தியெடுத்தது செய்தியாக வந்தது. பத்திரிகை நடத்தும் தங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு அடுத்த வேலியில் மணிமணியாகப் பூத்துத் தொங்கும் ஊமத்தை வகை, இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. கிளாஸின் வாயில் செருகிய இலை வெறும் பார்வைக்குத்தான், யாரும் வாயில் வைக்கமாட்டார்கள் என்பது எழுதுகிறவரின் நம்பிக்கை. குடிக்கிற பிள்ளைக்கு அதை யார் சொல்வது? சாப்பிடக்கூடாத இலை சாப்பாட்டில் படக்கூடாது என்பது சமையற்கட்டில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். ஹோட்டல் சமையற்கட்டில் இலை ஆயும் மூலையிலிருந்து பானம் கலக்கும் மேசை வரை நின்றவன் என்பதால்தான் இவ்வளவு எரிச்சல்.

செய்முறையும் சரியில்லை. "புதினாவைக் காம்போடு பிளெண்டரில் போட்டு நன்றாக அடித்து வடிகட்டவும்" என்கிறது. புதினாவின் வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் இருக்கிறது. அவற்றை உடைக்க லேசான அழுத்தமே போதும். பிளெண்டர் நரம்பையும் காம்பையும் சேர்த்து அரைத்துவிடும். புல்லின் பச்சை வாடையும் கசப்பும் இறங்கும். போதாததற்குத் தேசிக்காய்ப் புளிப்பும் பட்டதும், அரைத்த பச்சை கொஞ்ச நேரத்தில் பாசிக் குட்டை நிறத்துக்குப் போய்விடும். ஒரு கிளாஸுக்கு எட்டுப் பத்து இலை, இரண்டு தேக்கரண்டி சீனி. இரண்டையும் கிளாஸின் அடியில் போட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் ஐந்தாறு தரம் அழுத்துங்கள், இலை கிழியக்கூடாது. பிறகு ஒரு தேசிக்காயின் சாறு, விதை விழாமல். அதற்குப் பிறகு தண்ணீரும் உடைத்த ஐஸும்.

மேலே வைப்பதற்கு வேறு புதினா. கொழுந்தோடு விரல் நீளத் தண்டு எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். தண்டு ஐஸுக்குள் நிற்கும், இலை நனையாது. வைக்குமுன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே ஒரே ஒரு தட்டு. கசக்கினால் கறுத்துவிடும். ஸ்ட்ரோவுக்குப் பக்கத்திலேயே செருகுங்கள். குடிக்கிறவர் குனியும்போது மூக்குக்கு நேரே வரவேண்டும், அதற்குத்தான் அந்த இலை. எதிர்ப்பக்கம் செருகினால் கமரா மட்டும்தான் மணந்து பார்க்கும்.

சுடு பிளேன்டீக்கும் இதே கதைதான். ஊறப்போட்ட புதினா இலையை மூன்று நான்கு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், விட்டால் பழுப்பாகிக் கசக்கும். மேலே போடுகிற இலை சூட்டில் உடனே சுருண்டுவிடும் என்பதால் மேசைக்குக் கொண்டுபோகும்போதுதான் அதைப் போடவேண்டும். ரொட்டிக்கு அரைக்கிற புதினாச் சம்பலில் தேங்காய், பச்சைமிளகாய், வெங்காயம், உப்பு எல்லாம் மசிந்த பிறகு இலையை வைத்து இரண்டு இழுப்பு. தேசிக்காய்ப் புளி பரிமாறும்போது. உங்கள் பக்கத்தில் போன வருடம் வந்த புதினாச் சம்பல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைக்கச் சொன்னது. அப்போதும் கடிதம் எழுதினேன். இடமில்லை போலிருக்கிறது, ராசிபலனுக்கு மட்டும் முழுப்பக்கம் கிடைத்தது.

அளவு பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. "புதினா ஒரு கட்டு" என்றால் எந்தக் கட்டு? எங்கள் சந்தைக் கட்டும் கொழும்பு சுப்பர்மார்க்கெட் பொதிக்குள் படுத்திருக்கும் ஐந்தாறு காம்பும் ஒன்றா? இந்தியப் பத்திரிகையிலிருந்து எடுத்துப் போடுகிறவர்கள் கிராமில் மாற்றியாவது போடலாம். பால்கறிமேல் பச்சையாகக் கறிவேப்பிலை போட்ட படமும் அடிக்கடி வருகிறது. தோல்போன்ற அந்த இலையை யார் மெல்லுவது? சூடான எண்ணெயில் சில விநாடி, பொரிந்ததும் எடுத்து மேலே போட்டால் நொறுங்கும், மணக்கும். பேசில் இலையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொன்னதும் உங்கள் பக்கம்தான். பத்துப் பாகைக்குக் கீழே அது கறுக்கும். தை மாதத்து நுவரெலியாவில் பெட்டியே தேவையில்லை, யன்னலோரம் ஓர் இரவு வைத்தாலே கறுத்துவிடும். புதினா அப்படியல்ல. காம்பை நறுக்கி இரண்டு அங்குலத் தண்ணீரில் நிறுத்தி, மேலே பொலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்துப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். கழுவுவது எடுக்கும்போதுதான். ஈரத்தோடு கட்டி வைத்தால் அழுகும்.

கழுவுவதைப் பற்றி உங்கள் செய்முறையில் ஒரு சொல்கூட இல்லை. உருளைக்கிழங்குப் பாத்தி ஓரத்தில் வளரும் புதினாவிலும் கிழங்குச் செடியின் இலையைக் கருக்கும் வெளிறல் நோய்க்கு அடிக்கிற மருந்து படிகிறது. வெளிர்மஞ்சள் படலம் தெரிந்தால் அந்தக் கட்டை வாங்கவே கூடாது. பச்சையாகச் சாப்பிடுகிற இலைக்கு ஓடும் தண்ணீர் வேண்டும்.

இதெல்லாம் இருக்க, "கிடைக்காவிட்டால்" என்ற பேச்சே எதற்கு? மலையகம் என்றதும் கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படத்தைப் போடுகிறீர்கள். அவரது லயத்து வாசலில் பழைய வாளியில் புதினா தழைத்துக் கிடப்பது மட்டும் எந்தப் படத்திலும் வருவதில்லை. சந்தைக் கட்டில் நான்கு தண்டு எடுத்து, கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ் இலை நீக்கித் தண்ணீரில் வைத்தால் பத்து நாளில் வேர், குளிர் மாதத்தில் இரண்டு வாரம். அடியில் துளையிட்ட வாளி, பாதி நிழல். பூமொட்டைக் கிள்ளிவிட வேண்டும், பூத்தால் இலை சிறுத்துக் கசக்கும். துகள்பனி விழும் இரவில் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்கவும். நுனி கருகினாலும் வேர் பிழைத்துத் துளிர்க்கும்.

வரும் ஞாயிறு அந்தப் பக்கத்தின் மூலையில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: "அலங்காரத்துக்கு உண்ணக்கூடிய இலை மட்டும், ஹைட்ரேஞ்சியா, ஊமத்தை வேண்டாம்." இனிமேல் "கட்டு" என்பதற்குப் பக்கத்தில் கிராம் போடவும். ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்தால் இடம் தாராளமாக வரும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கந்தப்பளை.