ரோஜாப் பூவும் நிலப் பத்திரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் யார்க் ஊர்க்காரர்களும் லங்காஸ்டர் ஊர்க்காரர்களும் முப்பது வருஷம் விடாமல் வெட்டிக்கொண்டார்கள் என்று எழுதியிருப்பது சரியில்லை. அவை ஊர்ச் சண்டையின் பெயர்கள் அல்ல, அரச குடும்பத்தின் இரண்டு கிளைகள் வைத்திருந்த கோமகன் பட்டங்கள். யார்க் கோமகன் ரிச்சர்டின் பலம் வேல்ஸ் எல்லையில், லட்லோ கோட்டையைச் சுற்றி இருந்தது. யார்க் நகரமோ அவருடைய எதிரிகளின் பக்கம். 1460 டிசம்பர் 30 அன்று வேக்ஃபீல்டில் அவர் கொல்லப்பட்ட பிறகு, தலையைக் கொண்டுபோய்க் காகிதக் கிரீடம் சூட்டி மிக்கில்கேட் வாசலில் குத்திவைத்தது அதே யார்க் நகரத்தில்தான்.

அட்டைப்படத்தில் போட்ட இரண்டு ரோஜாக்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வெள்ளை ரோஜா யார்க் குடும்பத்தின் பல சின்னங்களில் ஒன்று. ஆனால் ரிச்சர்டின் மகனும் பிறகு அரசருமான நான்காம் எட்வர்ட் விரும்பி அணிந்தது கதிர்விடும் சூரியன், அவர் தம்பி மூன்றாம் ரிச்சர்டுக்கு வெள்ளைக் காட்டுப்பன்றி, வார்விக் பிரபுவுக்குக் கரடி. சிவப்பு ரோஜாவுக்கு மவுசு வந்தது ஏழாம் ஹென்றி அரியணை ஏறிய பிறகு. தோட்டத்தில் ஆளுக்கொரு பூப் பறித்துக் கட்சி பிரிந்தது ஷேக்ஸ்பியரின் கற்பனை.

வாரிசுக் கணக்கிலும் ஒரு பிழை. மூன்றாம் எட்வர்டின் வளர்ந்த பிள்ளைகளில் மூத்தவர் கறுப்பு இளவரசர். அவருடைய மகன் இரண்டாம் ரிச்சர்டை 1399இல் இறக்கிவிட்டுப் பட்டத்துக்கு வந்தது, மூன்றாமவரான ஜான் ஆஃப் கான்ட்டின் மகன். லங்காஸ்டர் ஆட்சி அங்கே தொடங்குகிறது. யார்க் ரிச்சர்டுக்குத் தந்தைவழிப் பாட்டனார் நான்காமவரான எட்மண்ட். அந்த வழியில் பார்த்தால் அவர் இளைய பங்காளிதான். அவர் உரிமை கேட்டது தாய்வழியில்: இரண்டாமவர் லயனல், அவர் மகள் பிலிப்பா, பிலிப்பாவின் மகன் ரோஜர் மார்ட்டிமர், ரோஜரின் மகள் ஆன், ஆனின் மகன் ரிச்சர்ட். சங்கிலியில் இரண்டு இடத்தில் பெண். பெண்வழி செல்லாது என்று லங்காஸ்டர் தரப்பு அழுத்திச் சொல்லவும் முடியாது. இங்கிலாந்து அரசர்கள் பிரெஞ்சு அரியணையைக் கேட்டதே மூன்றாம் எட்வர்டின் தாயார் இசபெல்லா வழியாகத்தான்!

இந்த உரிமை 1425இல் தாய்மாமன் எட்மண்ட் மார்ட்டிமர் இறந்தபோதே ரிச்சர்டுக்கு வந்துவிட்டது. அப்படியிருக்க 1460 வரை அவர் ஏன் வாய் திறக்கவில்லை? கட்டுரை தவறவிட்டது இந்தக் கேள்வியைத்தான்.

அதுவரை அவர் கேட்டதெல்லாம், கெட்ட ஆலோசகர்களை நீக்குங்கள், எனக்குரிய இடத்தையும் பாக்கியையும் கொடுங்கள் என்பதே. பிரான்ஸில் படை நடத்திய செலவில் அரசாங்கம் அவருக்கு 38,000 பவுண்டுக்கு மேல் கடன்பட்டிருந்தது. கஜானாவோ காலி. அரசரின் கடன் 372,000 பவுண்ட் என்று 1450 வாக்கில் நாடாளுமன்றத்திலேயே கணக்கு வாசித்தார்கள். 1453இல் பிரான்ஸில் கலே தவிர எல்லாம் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் லங்காஸ்டர் வழி அரசர் ஆறாம் ஹென்றிக்குச் சித்தம் கலங்கி, 1454 கிறிஸ்துமஸ் வரை யாரையும் அடையாளம் தெரியவில்லை. 1455 மே 22 அன்று ரிச்சர்டின் ஆட்கள் அரசர் படையோடு மோதிய செயின்ட் ஆல்பன்ஸ் சண்டையில் செத்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர்தான். ஆனால் அதில் சாமர்செட், நார்தம்பர்லேண்ட், கிளிஃபர்ட் என்று அரசர் தரப்பின் மூன்று பிரபுக்கள். மூவரின் பிள்ளைகளுக்கும் பழிக்கணக்கு அன்று தொடங்கிவிட்டது.

இருந்தும் ரிச்சர்ட் கிரீடம் கேட்கவில்லை. 1459 இறுதியில் கோவென்ட்ரியில் கூடிய நாடாளுமன்றம் அவரையும் அவருக்குத் துணைநின்ற நெவில் குடும்பத்தாரையும் 'அட்டெய்ண்டர்' செய்தது. இந்தச் சொல் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. துரோகி என்று ஒரு தீர்மானம், அவ்வளவுதான். நிலம் முழுவதும் அரசருக்குப் போகும், பட்டம் போகும், ரத்தமே கெட்டுவிட்டதாகக் கருதிப் பிள்ளைகளுக்கும் வாரிசுரிமை போகும். மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சொத்து மட்டும் தப்பும். இப்படிப்பட்டவருக்கு நிலம் திரும்ப இரண்டே வழி: இருக்கிற அரசரிடம் மன்னிப்பு, இல்லையேல் வேறு அரசர். அடுத்த அக்டோபரில் ரிச்சர்ட் வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்து அரியணையில் கை வைத்தார். இதில் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

திருப்பிக் கொடுத்தாலும் சிக்கல்தான். லங்காஸ்டர் பக்கம் நின்ற பெர்சி குடும்பத்து நிலத்தைப் பிடுங்கிய நான்காம் எட்வர்ட், பிறகு அவர்களுடைய நார்தம்பர்லேண்ட் பட்டத்தை ஜான் நெவிலுக்குக் கொடுத்தார். 1470இல் பெர்சியைச் சமாதானப்படுத்த அதை மீண்டும் பெர்சிக்கே தந்துவிட்டு, நெவிலுக்கு மார்க்விஸ் என்ற உயர்ந்த பட்டம் கொடுத்தார். பட்டம் பெரிது, வருமானம் சிறிது. அதைக் காப்பாற்ற ஒரு பறவைக்கூடு கொடுத்தார் என்று நெவில் நொந்துகொண்டதாக அக்காலக் குறிப்பு. அதே ஆண்டு, எட்வர்டை எதிர்த்துக் கிளம்பிய தம் அண்ணன் வார்விக் பக்கம் சாய்ந்தார். எட்வர்ட் கடல் தாண்டி ஓட வேண்டியதாயிற்று.

படை எப்படிச் சேர்ந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். நிரந்தரச் சேனை கிடையாது. ஒரே தோலில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, பிரபு ஒரு பாதியும் ஆள் ஒரு பாதியும் வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் பற்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. இன்டென்ச்சர் என்ற பெயரே அந்தப் பல்வெட்டால் வந்தது. இதில் ஓட்டை என்னவென்றால், ஒரே ஆள் இரண்டு மூன்று பிரபுக்களிடம் கட்டுப்பட்டிருக்கலாம். அவர்கள் மோதும்போது எந்தப் பக்கம் போவான்? 1485இல் ஏழாம் ஹென்றி மூன்றாம் ரிச்சர்டை வீழ்த்திய பாஸ்வொர்த் சண்டையில் ஸ்டான்லி பிரபு ஒதுங்கி நின்றதைக் கட்டுரை பெரிய துரோகமாகக் காட்டுகிறது. அவர் 1459இல் ப்ளோர் ஹீத்திலும் சில மைல் தள்ளி ஆட்களோடு வேடிக்கை பார்த்தவர்தான். அன்று தம்பி வில்லியம் எதிரணியில். யார் ஜெயித்தாலும் குடும்பம் பிழைக்கும்.

ஆட்களை அடையாளம் காட்டியது பெரும்பாலும் சட்டையில் தைத்த சின்னம்தான். 1471 ஏப்ரல் 14, திரும்பி வந்த எட்வர்டும் வார்விக்கும் மோதிய பார்னெட்டில் விடியற்காலைப் பனிமூட்டம். எதிரணியின் ஒரு பக்கத்தை விரட்டிவிட்டுத் திரும்பிய, வார்விக் அணியைச் சேர்ந்த ஆக்ஸ்ஃபோர்ட் பிரபுவின் ஆட்கள் அணிந்திருந்தது கதிர்விடும் நட்சத்திரம். மூட்டத்தில் அது எட்வர்டின் கதிர்விடும் சூரியனாகத் தெரிய, சொந்த அணியே அம்பு விட்டது. துரோகம் என்று கூச்சல் எழுந்து அணி கலைந்தது. வார்விக்கும், பறவைக்கூட்டுக்காரரான ஜான் நெவிலும் அன்றே மாண்டார்கள்.

1461இல் எட்வர்ட் வென்ற டௌட்டன் சண்டையில் 28,000 பேர் செத்தார்கள் என்பது அந்நாளைய கடிதங்களில் உள்ள எண்தான், ஆனால் இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. போர் 1485இல் முடியவும் இல்லை. யார்க் தரப்பு ஏழாம் ஹென்றியை எதிர்த்த ஸ்டோக் சண்டை 1487 ஜூன் 16.

ஏழாம் ஹென்றி செய்தது வேறு வகை. பாஸ்வொர்த் நடந்தது ஆகஸ்ட் 22. தம் ஆட்சி 21ஆம் தேதியே தொடங்கியதாக எழுதிக்கொண்டார். மறுநாள் மூன்றாம் ரிச்சர்டுக்காக வாளெடுத்தவர்களெல்லாம் அதனால் துரோகிகள் ஆனார்கள், நிலம் கைக்கு வந்தது. பிறகு தம் சின்னம் தைத்த சட்டை போட்ட ஆட்களை வைத்திருக்கும் பிரபுக்களைக் கணக்குப் பார்த்தார். 1507இல் பெர்கவென்னி பிரபு 471 பேரை முப்பது மாதம் வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. ஆளுக்கு மாதம் 5 பவுண்ட் வீதம் அபராதம் 70,650 பவுண்ட். அவ்வளவு பணம் யாரிடமும் இல்லை என்பது ஹென்றிக்கும் தெரியும். 5,000 பவுண்டாகக் குறைத்துத் தவணை போட்டுக் கொடுத்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி